பெனடிக்ட் ஒழுங்கு வீட்டிலும் அலுவலகத்திலும்: குடும்பத்தில் இருப்பவர்கள் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள்?

மணியோசை

சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள், மாமனாரும் எங்களோடுதான் இருக்கிறார். சில ஆண்டுகளாகப் புனித பெனடிக்டின் ஒழுங்குநூலைத் திரும்பத் திரும்ப வாசித்து வருகிறேன். (எங்கள் பாட்டி காலத்தில் அவர் ஆசீர்வாதப்பர்.) 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மொந்தே கசீனோ மலையில் வாழ்ந்த துறவிகளுக்காக எழுதியது. மொத்தம் 73 அதிகாரங்கள், பலவும் அரைப் பக்கத்தைத் தாண்டாது.

துறவிகளுக்கான நூல் என்றதும் தவமும் தியானமும்தான் நிறைந்திருக்கும் என்று நினைப்போம். உள்ளே போனால் வேறு மாதிரி இருக்கிறது. சமைத்த பதார்த்தம் எத்தனை வகை, சாப்பாட்டுக்குத் தாமதமாக வருகிறவரை என்ன செய்வது, சாமானை உடைத்தவர் என்ன செய்ய வேண்டும், முணுமுணுப்பவரை எப்படித் திருத்துவது என்று பக்கம் பக்கமாக வருகிறது. ஒரே கூரையின் கீழ் பலர் சேர்ந்து வாழ்ந்தால் என்னென்ன தகராறு வருமோ, எல்லாம் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. குடும்பத்தில் இருக்கிற நமக்கும் இது பயன்படும் என்று நான் நம்புவதற்கு அதுதான் காரணம்.

என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது 5ஆம் அதிகாரமும் 43ஆம் அதிகாரமும். செப மணி கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் போக வேண்டும். வேலையை முடிக்காமலே எழ வேண்டும். 'இந்த ஒரு வரியை மட்டும் முடித்துவிட்டு' என்பதற்கு அங்கே இடமில்லை. துறவு வாழ்வின் மதிப்பீடு என்று பேசும்போது நாம் அமைதி, எளிமை என்று ஆரம்பிக்கிறோம். எனக்கு இந்த நிறுத்துதல்தான் முதலாவதாகப் படுகிறது. எங்கள் தொழிலில் வேலை முடிந்தது என்கிற நேரமே கிடையாது. இங்கே இரவு 11 மணி ஆகும்போது வாடிக்கையாளரின் ஊரில் பகல். கைப்பேசி அடித்துக்கொண்டே இருக்கும்.

நான் அறிய விரும்புவது இதுதான். மடத்தில் மணியடிக்க ஒருவர் இருக்கிறார், கூடவே எழுந்து நடக்க முப்பது பேர் இருக்கிறார்கள். வீட்டில் அது எப்படி நடக்கும்? தனியாக ஒருவர் இதை நெடுநாள் காப்பாற்ற முடியுமா? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

அடுப்படி

மணியோசை அண்ணாவுக்கு வணக்கம். திண்டுக்கல்லில் ஆசிரியையாக இருக்கிறேன். நீங்கள் 43இல் ஆரம்பித்தீர்கள். நான் உங்களை 35க்கு அழைத்துப் போகிறேன்.

அந்த அதிகாரம் சமையலறை முறைப்பணி பற்றியது. எல்லாரும் வாரம் ஒருவராக மாறி மாறிச் சமையலறையில் பணி செய்ய வேண்டும். நோயாளிக்கும் தவிர்க்கவே முடியாத பொறுப்பில் இருப்பவருக்கும் மட்டும் விலக்கு. வாரம் முடியும்போது, சகோதரர்கள் கைகால் துடைத்த துண்டுகளை அவரே துவைக்க வேண்டும். முறை முடிகிறவரும் அடுத்த வாரம் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். இன்னொன்று: சாப்பாட்டு வேளைக்கு முன்பே பரிமாறுகிறவருக்குக் கொஞ்சம் ரொட்டியும் பானமும் கூடுதலாகக் கொடுத்துவிட வேண்டும். பசியோடு நின்று பரிமாறினால் முணுமுணுப்பு வரும் என்று பெனடிக்டுக்குத் தெரியும். எத்தனை வீடுகளில், பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்று யாராவது கேட்கிறார்கள்?

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், எங்கள் பங்குக் கோயிலில் தியானம், மௌனம், அதிகாலைச் செபம் என்று ஈடுபாடு வந்த ஆண்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள். ஆனால் காலை ஐந்தரைக்கு அவர்கள் விவிலியத்தின் திருப்பாடல் புத்தகத்தோடு மொட்டைமாடிக்குப் போகும்போது கீழே ஒருத்தி டிபன் பாக்ஸ் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அவர்களுடைய மௌனத்துக்கு அவள் விலை கொடுக்கிறாள். பெனடிக்டின் மடத்தில் அப்படி ஒருவருக்கு மட்டும் கதவை மூடிக்கொள்ளும் சலுகை கிடையாது. செபமும் எல்லாருக்கும், சட்டி கழுவுவதும் எல்லாருக்கும்.

அதனால் என் பதில் நேரடியானது. குடும்பத்தில் இந்த ஒழுங்கைத் தொடங்குகிறவர் செபத்தில் தொடங்க வேண்டாம். சமையலறை முறைப்பணியில் தொடங்கட்டும். அது நடந்துவிட்டால், மணியடிக்கும்போது எழுந்து வர வீட்டில் இன்னொருவருக்கும் கை ஒழிந்திருக்கும்.

தண்ணீர்ப்பள்ளி

அடுப்படி சகோதரி எழுதியது முழுக்கச் சரி. நான் ஓய்வுபெற்றவன், குளித்தலைப் பக்கம். சாந்திவனம் ஆசிரமத்தோடு இணைந்த ஒப்லேட். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒப்லேட் என்பவர் துறவி கிடையாது. வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்கு, எடுப்பதில்லை. திருமணம் ஆனவராக இருக்கலாம், வேலையில் இருக்கலாம். தன் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஒரு குறிப்பிட்ட மடத்தோடு தன்னை இணைத்துக்கொண்டு, தன் நிலைக்கு ஏற்ற அளவில் ஒழுங்குநூலின்படி வாழ்வதாக வாக்குக் கொடுக்கிறார். வழக்கமாக ஓராண்டாவது தயாரிப்பு இருக்கும். எந்த மடத்தோடு என்பது முக்கியம். பொதுவாகப் பெனடிக்டின் ரசிகர் என்று ஒருவர் இருக்கலாம், பொதுவாக ஒப்லேட் என்று ஒருவர் இருக்க முடியாது.

சாந்திவனம் 1950இல் காவிரிக் கரையில் தொடங்கியது. ஜூல் மோன்ஷனேன், ஹென்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கினார்கள். லெ சோதான் பிற்பாடு அபிஷிக்தானந்தர் ஆனார். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் வந்தார். இங்கிலாந்தில் பிரிங்க்நாஷ் மடத்தில் பெனடிக்டின் துறவியாக இருந்தவர், இங்கே காவி உடுத்தி 1993இல் இறக்கும்வரை இருந்தார். இன்று ஆசிரமம் பெனடிக்ட் மரபின் கமால்டோலி கிளையைச் சேர்ந்தது. நாளுக்கு மூன்று வேளை பொதுச் செபம். மணியடித்தால் போகவேண்டியதுதான், அங்கே தங்க வருகிற எவருக்கும் முதல் நாளே இது புரிந்துவிடும்.

மணியோசை கேட்டதற்கு வருகிறேன். தனியாக நெடுநாள் காப்பாற்றுவது மிகக் கடினம். ஒரு மடத்தோடு, அது முடியாவிட்டால் இன்னொரு குடும்பத்தோடாவது கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் 13ஆம் அதிகாரத்தில் இருப்பதைச் செய்யுங்கள். காலைப்புகழ், மாலைப்புகழ் என்ற பொதுச் செபங்கள் இரண்டின் முடிவிலும் ஆண்டவர் கற்பித்த செபத்தை மடத்தின் தலைவர் எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும் என்கிறார் பெனடிக்ட். காரணமும் சொல்கிறார். சேர்ந்து வாழும் இடத்தில் மனத்தாங்கல் முள்ளாக முளைத்துக்கொண்டே இருக்கும், 'நாங்கள் மன்னிப்பதுபோல' என்ற வாக்கை நாளுக்கு இருமுறை கேட்டால் அந்த முள் ஆழமாகப் போகாது. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இதைச் சொல்கிறோம். மருமகளோடு பேச்சு நின்றிருந்த நாட்களிலும் சொன்னோம். அந்த நாட்களில் அந்த ஒரு வரியைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை, அதனால்தான் விடாமல் சொன்னோம்.

முன்னாள் நவதுறவி

ஒரு துறவற சபையில் நவதுறவு என்ற தொடக்கப் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் வெளியே வந்தவன். இப்போது மதுரையில் சொந்தத் தொழில். இந்த இழையில் என் குரல் கொஞ்சம் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறவு வாழ்வின் மதிப்பீடுகள் வேண்டும், துறவு வேண்டாம் என்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாததாக இருக்கிறது. துறவி எதைக் கொடுத்து அந்த மதிப்பீடுகளை வாங்குகிறார் என்று பாருங்கள். குடும்பம் இல்லை. சொந்தம் என்று எழுதுகோல்கூட இல்லை, 33ஆம் அதிகாரம் அதை அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறது. தன் உடலும் விருப்பமும்கூடத் தன் கையில் இல்லை. இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, அதிகாலை எழுவதையும் அழகான மெழுகுவர்த்தியையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதற்கு என்ன பெயர்?

பெயரைப் பெனடிக்டே சொல்லிவிட்டார். முதல் அதிகாரத்தில் நான்கு வகைத் துறவிகளை எண்ணுகிறார். மூன்றாம் வகை சாராபைத்தர். இருவர் மூவராகவோ தனியாகவோ, மேய்ப்பர் இல்லாமல், தங்கள் சொந்தத் தொழுவத்தில் இருப்பவர்கள். தங்களுக்குப் பிடித்ததைப் புனிதம் என்பார்கள், பிடிக்காததைக் கூடாது என்பார்கள். 'என் நிலைக்கு ஏற்ற அளவில்' என்று எடுத்துக்கொள்கிற எவரும் அந்தப் பத்தியைத் தாண்டி எப்படிப் போகிறார்கள் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

இரவுப்பணி

அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது. என்னிடம் முழுப் பதில் இல்லை, என் வேலையிலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

கோயம்புத்தூரில் செவிலியர். இரவுப் பணி அதிகம். திருப்பாடல் சொல்ல உட்காருவேன், இரண்டாவது வரியில் ஏதாவது படுக்கையிலிருந்து அழைப்பு மணி அடிக்கும். எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். அந்த மணியை நான் தேர்ந்தெடுக்கவில்லை, எனக்கு வசதியான நேரத்திலும் அது அடிப்பதில்லை. 36ஆம் அதிகாரத்தில் நோயாளிகளைக் கவனிப்பது எல்லாவற்றுக்கும் முன்னே வர வேண்டும், கிறிஸ்துவுக்கே பணி செய்வதுபோல் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அதே அதிகாரம் நோயாளிகளிடமும் பேசுகிறது: அளவுக்கு மீறிக் கேட்டுப் பணிவிடை செய்கிறவர்களை நோகடிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் பார்த்து எழுதியிருக்கிறார். படுக்கைத்தட்டு வைத்து எடுக்கிறவளுக்கு அந்த இரண்டாவது வரி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்த அதிகாரம் 50. மிகச் சிறியது. தொலைவில் வேலை செய்கிறவர்கள், பயணத்தில் இருப்பவர்கள் நேரத்துக்குச் செபக்கூடம் வந்து சேர முடியாவிட்டால் வேலை செய்கிற இடத்திலேயே இறையச்சத்தோடு முழந்தாளிட்டுச் செபிக்கட்டும், அந்த நேரத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்கிறார். அப்படியென்றால் 6ஆம் நூற்றாண்டிலேயே எல்லாராலும் மணிக்கு ஓடிவர முடியவில்லை. வயலில் இருந்தவரையும் வழியில் இருந்தவரையும் 'நீ எங்களோடு இல்லை' என்று பெனடிக்ட் தள்ளவில்லை. நான் என்னை அந்தத் தொலைவில் வேலை செய்கிற சகோதரராக நினைத்துக்கொள்கிறேன். அதிகாலை நாலு மணிச் சுற்று முடிந்ததும் மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரே ஒரு திருப்பாடல். பெரும்பாலும் 95. தாமதமாக வருகிறவர்களும் வந்து சேரட்டும் என்று அதை இழுத்து மெதுவாகப் பாடச் சொன்னவரும் பெனடிக்ட்தான், அது 43ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது.

எனக்குப் பிடித்ததை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, அண்ணா. பிடித்ததைச் செய்ய என் வார்டு விடாது.

தையல்மிஷின்

நாகர்கோவில். சின்னத் தையல் கடை. இழையை வாசித்துக்கொண்டிருந்தேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

முன்னாள் நவதுறவி சொந்தம் என்று எதுவும் இல்லாததைப் பற்றிச் சொன்னார். 57ஆம் அதிகாரத்தில், மடத்துக் கைவினைஞர்கள் செய்த பொருளை விற்கும்போது பேராசை உள்ளே நுழையாதிருக்க, வெளியார் விற்கும் விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே விற்க வேண்டும் என்று இருக்கிறது. நான் அதைச் செய்கிறேன். நிறையக் குறைக்க முடியாது, வாடகை கட்ட வேண்டும். கொஞ்சம் குறைக்க முடியும். 31ஆம் அதிகாரத்தில் மடத்தின் எல்லாச் சாமானையும் பீடத்துப் பாத்திரம்போல் பார்க்க வேண்டும் என்கிறார். மிஷினுக்கு எண்ணெய் விடும்போது அது நினைவுக்கு வரும். வாக்கு, வார்த்தைப்பாடு பற்றியெல்லாம் எனக்குப் பேசத் தெரியாது.

வசாவிளான்

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். ஊர் யாழ்ப்பாணத்தில் வசாவிளான் பக்கம். எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் தோலகட்டி. 1928இல் தோமஸ் அடிகளார் அங்கே செபமாலைதாசர் சபையைத் தொடங்கினார். எங்கள் மண்ணிலேயே பிறந்த ஆழ்நிலைத் தியான மடம். மௌனம், ஆராதனை, அத்தோடு கைவேலை. திராட்சை ரசமும் நெல்லிரசமும் செய்து விற்றுச் சீவித்தார்கள். சின்ன வயதில் அம்மம்மாவோடு அங்கே போனால், கதைக்கிறதுக்கே பயமாக இருக்கும், அவ்வளவு அமைதி.

நான் சொல்ல வந்தது நிலைத்திருத்தல் பற்றி. பெனடிக்டின் துறவி 58ஆம் அதிகாரத்தின்படி வாக்குக் கொடுப்பது மூன்று: நிலைத்திருத்தல், வாழ்வை மாற்றிக்கொண்டே போவது, கீழ்ப்படிதல். இதில் முதலாவதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒரே இடத்தில், ஒரே ஆட்களோடு, சாகும்வரை. 1990இல் போரால் எங்கள் வலிகாமம் வடக்கு முழுக்க எழும்பி ஓடினது. எங்களுக்கு ஊரில் நிலைத்திருக்கக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வீடு, எத்தனை நாடு.

இங்கே வந்த பிறகு இடம் மாறுவது கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு கோயிலில் குருவானவரோடு சண்டை என்றால் அடுத்த கோயில். சகோதரத்தோடு மனத்தாங்கல் என்றால் தொலைபேசியை எடுப்பதில்லை. ஓட வேண்டிய தேவை முடிந்தும் ஓடிக்கொண்டிருந்தோம். நாடு இழந்தவன் எதில் நிலைத்திருப்பது என்று பல காலம் யோசித்தேன். ஆட்களில் நிலைத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். இந்தப் பங்கு, இந்த அண்ணன், இந்த மனுசி. குறை இருந்தாலும் விட்டுப்போட்டுப் போவதில்லை. முன்னாள் நவதுறவி தம்பி, இதில் பிடித்ததை மட்டும் எடுக்கிற வசதி இல்லை. என் அண்ணனை உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒத்துக்கொள்ளுவீர்கள்.

முன்னாள் நவதுறவி

எழுதிய எல்லாருக்கும் நன்றி. இரவுப்பணி தங்கையின் 50ஆம் அதிகாரத்தை நான் எதிர்பார்க்கவில்லை, அது என் கேள்வியின் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டது. தையல்காரர் எழுதியதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

மீதிப் பாதி கீழ்ப்படிதல். மடத்தில் தலைவர் இருக்கிறார். வீட்டில் யாருக்குக் கீழ்ப்படிவது? இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 'கீழ்ப்படிதல்', 'பொறுமை', 'முணுமுணுக்காமல் பணி' என்ற சொற்களை நம் வீடுகளில் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று அடுப்படி அக்காவுக்குத் தெரியும். அலுவலகத்தில் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று மணியோசைக்குத் தெரியும்.

மணியோசை

இதற்கு நான் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இழையைத் தொடங்கும்போது என் மனதில் இருந்த பாரமே இதுதான்.

எங்கள் நிறுவனத்தில் மன அழுத்தத்தைக் குறைக்கத் தியான வகுப்பு வைத்தார்கள். மூச்சைக் கவனியுங்கள், இந்தக் கணத்தில் இருங்கள், ஒரு நேரத்தில் ஒரே வேலை. சொன்னவை தவறில்லை, துறவிகளிடமிருந்து வந்தவைதான். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அதே பன்னிரண்டு மணி நேரம், அதே நள்ளிரவு அழைப்பு. யாரும் வேலையைக் குறைக்கவில்லை. அதைத் தாங்கும் சக்தியை எங்களுக்குள்ளேயே தேடிக்கொள்ளச் சொன்னார்கள். துறவு மடத்தின் சரக்கு அங்கே இன்னும் அதிகம் உழைக்க வைக்கப் பயன்படுகிறது. எனக்கு இது ஆழமாக வலிக்கிறது, ஏனென்றால் பெனடிக்டின் மடத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு.

48ஆம் அதிகாரத்தில் ஒரு நாளைப் பிரித்து வைத்திருக்கிறார். கோடைக்காலத்தில் காலை சில மணி நேரம் உடலுழைப்பு, பிறகு வாசிப்பு, நண்பகல் சாப்பாட்டுக்குப் பின் படுக்கையில் ஓய்வு, மறுபடி மாலைப்புகழ் வரை வேலை. சும்மா இருப்பது ஆன்மாவுக்குப் பகை என்று தொடங்குகிற அதே அதிகாரம்தான் மதியம் படுக்கச் சொல்கிறது. பலவீனமானவர்களை வேலை நசுக்கிவிடாதபடி பார்த்துக் கொடுக்கச் சொல்கிறது. அங்கே மணி வேலையை வெட்டுகிறது. எங்கள் அலுவலகத்தில் மணி செபத்தை வெட்டுகிறது, தூக்கத்தை வெட்டுகிறது, பிள்ளையோடு பேசுவதை வெட்டுகிறது.

கீழ்ப்படிதலுக்கு வருகிறேன். துறவியிடம் அவ்வளவு கேட்கிற நூல், தலைவரிடம் அதைவிட அதிகம் கேட்கிறது. 2ஆம் அதிகாரமும் 64ஆம் அதிகாரமும் முழுக்கத் தலைவருக்கானவை. தன் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு ஆன்மாவுக்கும் கடவுளிடம் அவர் கணக்குக் கொடுக்க வேண்டும். மந்தையை அளவுக்கு மீறி ஓட்டினால் ஒரே நாளில் எல்லாம் மாண்டுபோகும் என்று தொடக்கநூலில் யாக்கோபு சொன்னதைத் தலைவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். வலிமையானவர் ஏங்கவும் பலவீனர் ஓடிப்போகாதிருக்கவும் இடம் வைத்து நடத்த வேண்டும். இப்படி எனக்காகக் கணக்குக் கொடுக்கப் போகிறவருக்கு நான் கீழ்ப்படிவது ஒன்று. அடுத்த காலாண்டு எண்ணுக்காக என்னை ஓட்டுகிறவருக்கு அதே பெயரில் கீழ்ப்படியச் சொல்வது முற்றிலும் வேறு. சம்பளத்துக்கு உரிய வேலையை நேர்மையாகச் செய்வேன். துறவற வாக்கின் பெயரால் அதற்கு மேல் எதையும் அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

முடியாத வேலை வந்தால் என்ன செய்வது என்று 68 சொல்கிறது. முதலில் ஏற்றுக்கொள், தாங்காது என்று தெரிந்தால் தகுந்த நேரத்தில், அகந்தையோ எதிர்ப்போ இல்லாமல், ஏன் முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொல். எடுத்துச் சொல்வதுவரை நான் அலுவலகத்தில் செய்கிறேன். அதன் பிறகும் தலைவர் வற்புறுத்தினால் இறையுதவியை நம்பிக் கீழ்ப்படி என்று அந்த அதிகாரம் முடிகிறது. அந்தக் கடைசி வரி மடத்துக்கு மட்டும் உரியது என்பது என் முடிவு.

அடுப்படி

அண்ணா எழுதியதை அப்படியே வீட்டுக்கும் நீட்டுகிறேன். 'முணுமுணுக்காதே' என்று பெண்ணிடம் சொல்ல நினைக்கிறவர், முணுமுணுப்புக்கான காரணத்தை முதலில் நீக்கச் சொன்னதையும் சேர்த்து வாசிக்கட்டும். அந்தக் கூடுதல் ரொட்டித்துண்டு அதற்குத்தானே.

வீட்டில் யாருக்குக் கீழ்ப்படிவது என்றால், 71ஆம் அதிகாரம்: ஒருவருக்கொருவர். 3ஆம் அதிகாரத்தில் முக்கியமான காரியம் வந்தால் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும், இளையவருக்கே பல நேரம் ஆண்டவர் நல்லதைக் காட்டுகிறார் என்கிறார். நாங்கள் மாத ஆரம்பத்தில் வீட்டுக் கணக்கை மேசையில் விரித்து வைத்துப் பேசுகிறோம், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும் உட்காருவாள். யாருக்கு எது தேவை என்பதைப் பொறுத்துப் பங்கு, எல்லாருக்கும் சமமாக இல்லை. 34ஆம் அதிகாரம் அதைத்தான் சொல்கிறது: குறைவாகத் தேவைப்படுகிறவர் நன்றி சொல்லட்டும், அதிகம் தேவைப்படுகிறவர் தாழ்மையாக இருக்கட்டும். அம்மாவின் மருந்துச் செலவு ஏறிய மாதத்தில் புது உடையை ஒத்திவைக்கலாம் என்று மகள் சொன்னாள். நாங்கள் கேட்காமல் சொன்னாள்.

தண்ணீர்ப்பள்ளி

நவதுறவித் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குத் துறவியின் வாழ்வு கிடையாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஒப்லேட்டாக இருந்துகொண்டு நானும் துறவிதான் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கும் வருத்தம்தான். அவர்கள் கொடுத்த விலையை நாம் கொடுக்கவில்லை.

ஆனால் அந்த நூலிலிருந்து எடுத்து, மடத்துக்கு வெளியே, முழு விலையும் கொடுத்து வாழ்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் டாரதி டே 1955இல் இல்லினாய் மாநிலத்துப் புனித புரோகோப்பியுஸ் மடத்தின் ஒப்லேட்டாக வாக்குக் கொடுத்தார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நியூயார்க்கில் வீடற்றவர்களுக்கு வீட்டைத் திறந்து வைத்திருந்தவர். வருகிற விருந்தாளி எவரையும் கிறிஸ்துவாக ஏற்க வேண்டும், ஏழைகளையும் வழிப்போக்கர்களையும் தனிக் கவனத்தோடு ஏற்க வேண்டும் என்ற 53ஆம் அதிகாரத்தை அவர் அளவுக்கு நேராக எடுத்துக்கொண்ட மடம் எத்தனை இருக்கும்? மகளை வளர்த்த தாய் அவர். பத்திரிகை நடத்தினார், சிறை போனார். சாராபைத்தர் என்று அவரைச் சொல்ல முடியாது.

முன்னாள் நவதுறவி

டாரதி டேயைச் சொல்ல முடியாது, ஐயா. ஒத்துக்கொள்கிறேன். என் பயம் முழுதாகப் போகவில்லை, போகவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். மேய்ப்பர் இல்லாமல் ஒழுங்கு வாழ நினைப்பவர்களுக்கு அந்த முதல் அதிகாரம் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். வாரத்துக்கு 150 திருப்பாடலும் என்பது மடத்தின் கணக்கு. வெளியே வந்த பிறகு நான் அதைத் தொடவே இல்லை. மறுபடி தொடங்கினால் எங்கிருந்து?

தண்ணீர்ப்பள்ளி

150ஐ மறந்துவிடுங்கள். 18ஆம் அதிகாரத்தின் முடிவில், இந்தப் பங்கீடு பிடிக்காதவர் இதைவிட நல்லதாகத் தோன்றினால் மாற்றிக்கொள்ளட்டும் என்று அவரே சொல்கிறார். நமக்கு அவ்வளவு போதும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரவுக்கு 4, 91, 134 இவற்றில் ஒன்று. மடங்களில் இரவு செபத்துக்குப் பெனடிக்ட் வைத்தவை அவை, நாள்தோறும் அதே மூன்று. ஒரு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும், விளக்கை அணைத்த பிறகும் சொல்லலாம். யாரோடாவது சேர்ந்து சொல்லுங்கள்.

மணியோசை

ஐயா சொன்னபடி நாம் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாமா? நான் இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுவதாக வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. அலுவலகத்தில் அவசர அழைப்பு முறை எனக்கு வராத வாரங்களில் அது நடக்கும், வரும் வாரங்களில் 50ஆம் அதிகாரம். சமையலறை முறையும் எழுதி ஒட்டியாகிவிட்டது, இந்த வாரம் நானும் மகனும். ஒன்பதரைக்குச் சொல்கிற அந்தத் திருப்பாடலை அவரவர் ஊரில் அதே நேரத்தில் சொல்ல யார் யார் வருகிறீர்கள்? நவதுறவி, உங்களைத்தான் முதலில் கேட்கிறேன்.

முன்னாள் நவதுறவி

கடை ஒன்பதுக்குச் சாத்துகிறேன். வருகிறேன்.

வசாவிளான்

உங்களுக்கு ஒன்பதரை என்றால் எனக்கு மத்தியானம். நான் வேலையில் நிற்பேன். என்றாலும் வருகிறேன்.

இரவுப்பணி

திங்களும் செவ்வாயும் எனக்கு இரவுப் பணி. அந்த இரண்டு நாள் நான் பிந்தித்தான் சொல்வேன், மற்ற நாள் உங்களோடு.